எந்தக் கொசு கடித்தது?

"ஏன், மட்டாஞ்சேரியில் கொசுவே கிடையாதோ?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரின் அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கொச்சியில் கொசு இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்?

2007, கேரளத்தைச் சிக்குன்குனியா புரட்டியெடுத்த ஆண்டு. என் கட்சிக்காரர் மட்டாஞ்சேரித் தமிழர். கோதமங்கலம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். தங்கல் தோட்டத்து ஷெட்டில். வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. "கத்தியப் புடிச்சா மணிக்கட்டு நிக்க மாட்டேங்குது சார்" என்றார். மாதக்கணக்கில் கூலி இல்லை.

அன்று நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இன் கீழ் இழப்பீடு கேட்டு மனுப் போட்டோம். அதன் மூன்றாம் அட்டவணை, 'அ' பகுதி, முதல் இனம்: தொற்றும் அபாயம் குறிப்பாக உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்கள். ஆஸ்பத்திரி, ஆய்வகம், கால்நடை என்று அடுக்கிவிட்டு, அத்தகைய அபாயமுள்ள மற்ற வேலைகளையும் கடைசியில் சேர்த்திருந்தது. பால்வெட்டை அதற்குள் நுழைத்துவிட்டால், நோய் வேலையால் வரவில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு முதலாளியுடையது.

தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் மறைப்பு கட்டிய மரங்களில் மட்டும் மழையிலும் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மற்ற மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் வாய் மேல்நோக்கி அப்படியே கம்பியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றைச் சாய்த்தேன்: மழைநீர், அடியில் காய்ந்த ஒட்டுப்பால், துள்ளும் புழுக்கள். ஏக்கருக்கு நூற்றைம்பதுக்குக் குறையாத மரம், மரத்துக்கொரு சிரட்டை.

குறுக்கு விசாரணையில் மேலாளரைக் கேட்டேன்.

"சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும்படி சுகாதார ஊழியர்கள் சொன்னார்களா?"

"சொன்னார்கள்."

"கவிழ்த்தீர்களா?"

"ஆள் கிடைக்கவில்லை."

மட்டாஞ்சேரிக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். ராத்திரியில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். மலையோர ரப்பர் காடுகளில் சிக்குன்குனியாவைச் சுமந்தது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற புலிக்கொசு. சிரட்டை அளவு தண்ணீர் அதற்குப் போதும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் போவது அரிது. காலையிலும் மாலையிலும் கடி அதிகம். வெட்டுக்காரர் மரத்தடியில் குனிந்து நிற்பதும் காலையில்தான். நகரத்திலும் ஏடிஸ் உண்டு என்று எதிர்த்தரப்பினர் சொன்னது சரியே. ஆனால் கடித்து மூன்று முதல் ஏழு நாளில் காய்ச்சல் வரும், பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. கூலி குறைவு என்று காட்ட அவர்களே தாக்கல் செய்த வருகைப் பதிவேட்டின்படி, காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரமும் அவர் தோட்டத்தைவிட்டு நகரவே இல்லை!

தீர்ப்புவரை போகவில்லை. சமரசம் பேசி, ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்தோம். கட்சிக்காரருக்குப் பணம் வந்தது, முன்மாதிரித் தீர்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அவருக்கு இல்லை.

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு காப்பீட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. மொசாம்பிக்கில் தேயிலைத் தொழிற்சாலை மேலாளராகப் போனவர் மலேரியாவில் இறந்தார். மூவரில் ஒருவருக்கு மலேரியா வரும் நாட்டில் கொசுக்கடியை எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஜூனியர்கள் இந்தத் தீர்ப்பைக் காட்டி, தோட்டத் தொழிலாளி மனுவெல்லாம் இனி நிற்காது என்கிறார்கள். அது விபத்துக் காப்பீட்டுப் பாலிசி பற்றிய தீர்ப்பு. நம் அட்டவணை நோய் எதிர்பாராமல் வந்ததா என்று கேட்கவே இல்லை. அந்த வேலையில் அபாயம் இருந்ததா என்றுதான் கேட்கிறது. கொசு மலிந்த தோட்டம் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டால், நம் மனுவுக்கு அது பலம்தான்.