வாவிக்கரைக்குப் போகாத இரவு

சித்திரை வந்தால் நுவரெலியாவில் வசந்தகாலம் களைகட்டும். 1873இல் தேசாதிபதி கிரகரி அமைப்பித்த வாவிக்கரையில் வாணவேடிக்கை என்றதும், மஃரிபுக்குப் பின் ஹட்டனிலிருந்து வேனில் புறப்பட்டோம். தலவாக்கலை வரை சுகமான ஓட்டம்.

நானுஓயா தாண்டி, ஏற்றத்தில் வாகனங்கள் அசையவில்லை. பொறுமையிழந்தவர்கள் எதிர்ப்பக்கத்தையும் அடைத்துவிட்டார்கள். பின்னால் அம்புலன்ஸ் அலறியது. ஒதுங்க ஏது இடம்? ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். தோட்டத்து இளைஞர்கள்தான் இறங்கிவந்து, ஒவ்வொரு வண்டியாக ஓரங்கட்டவைத்து வழி எடுத்தார்கள். உள்ளே இருந்தது பிரசவத்துக்குப் போகிற பெண்ணாம்.

"நாங்களும்தானே வழிய மறிச்சிருக்கம், மகன்" என்றார் உம்மா.

தூரத்தில் வெடிச் சத்தம். மூடுபனியில் சிவப்பு மங்கலாகத் தெரிந்து மறைந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை.

"புள்ள பிறந்திருக்குமா, வாப்பா?"

இடம் கிடைத்ததும் வேனைத் திருப்பினேன்.