எந்த முனியம்மா?

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி "முனியம்மா" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் செக்ரோலில் வெறும் முனியம்மா என்று யாருமே கிடையாது. ஒருவர் மூணாம் லயத்து முனியம்மா, இன்னொருவர் ஸ்டோர் முனியம்மா, மூன்றாமவர் புருஷன் பெயரோடு சேர்ந்த முனியம்மா. லயம், வேலையிடம், வீட்டுக்காரர் என்று எது கைக்குக் கிடைக்கிறதோ அதை முன்னால் ஒட்டி, ஒருவருக்கு மட்டுமே உரிய பெயரைக் கிராணி உருவாக்கிக்கொள்வார். சம்பள நாளில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பணம் கைக்கு வரும். ஒட்டியது தவறினால் சம்பளமும் தவறிவிடும்.

எக்செல் மேக்ரோ எழுதுகிறவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். அதன் பலனை நான் பார்த்தது, புக்கிட் செந்தோசாவில் எங்கள் தாமானின் மரண சகாய நிதிக் கணக்கில்.

இங்குள்ள பல குடும்பங்கள் வட சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து வந்தவை. தோட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. மாதம் பத்து வெள்ளி கட்டினால், வீட்டில் ஒருவர் தவறும் நாளில் குழு ஒரு தொகையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். அந்த நேரத்தில் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்பதுதான் நிதியின் நோக்கம்.

சென்ற ஆண்டு ஓர் அம்மாவின் கணவர் இறந்தார். குழுவின் பட்டியல், அந்த வீட்டில் பதினான்கு மாதச் சந்தா பாக்கி என்றது. அந்த அம்மாவோ ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். ரசீதுகளை மைலோ டின்னில் அடுக்கி வைத்திருந்தார். பேசித் தீர்த்துப் பணம் கொடுக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் காரியம் நடந்தது. துக்கம் கேட்கப் போனபோது அவர் என்னிடம் சொன்னார்: "காசு கிடக்குதும்மா. போன மனுசனக் கடன்காரருன்னு பேர் சொல்லிட்டாங்களே."

பொருளாளர் ஐயா மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். "ரேடியோவுல வேல பாக்குற புள்ள, உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் படித்தது ஊடகத் துறை. ஆனால் நிலையத்தில் விளம்பர நேரம், நிகழ்ச்சி அட்டவணை எல்லாமே எக்செல்தான். அதில் மேக்ரோவும் கொஞ்சம் பழகியிருந்தேன்.

மேக்ரோ என்பது, நாம் கையால் செய்யும் வேலையை எக்செல் தானே செய்யும்படி எழுதி வைக்கும் கட்டளை வரிசை. 1993-இலிருந்து அதற்கென்று விஷுவல் பேசிக் மொழி எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு நாம் பெயர் வைக்கலாம். 'சந்தா_12' என்று பெயர் வைத்துவிட்டால், அந்தக் கட்டம் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் உள்ளே இருக்கும் எண் வந்துவிடும். இருநூறு வீடு என்றால் இருநூறு கட்டளை எழுத வேண்டியதும் இல்லை. 'சந்தா_' என்ற சொல்லோடு வீட்டு எண்ணை ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பெயரை உருவாக்கி, அதைத் தேடச் சொன்னால் போதும். தாளிலேயே இதைச் செய்ய இன்டைரக்ட் என்ற சூத்திரமும் உண்டு. வேலை சட்டென்று முடியும். ஆனால் ஒட்டி உருவாக்கிய பெயர் கணினிக்கு வெறும் எழுத்துக் கோவைதான். தாளின் பெயரை நாம் மாற்றினால் சாதாரணச் சூத்திரம் தானாகத் திருத்திக்கொள்ளும். இன்டைரக்டுக்குள் மேற்கோளில் எழுதிய பெயர் அப்படியே பழையதாக நிற்கும்.

எங்கள் நிதிக்கு முன்பு மேக்ரோ எழுதித் தந்தவர் வீட்டு எண்ணை ஒட்டவில்லை. உறுப்பினரின் முழுப் பெயரை ஒட்டியிருந்தார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நம் அடையாள அட்டைப் பெயர்களின் நடுவில் ஏ/எல், ஏ/பி என்று ஒரு சாய்வுக்கோடு நிற்கிறது. மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம். எக்செலில் கட்டத்துக்கு வைக்கும் பெயரில் சாய்வுக்கோடு வரக் கூடாது, இடைவெளியும் வரக் கூடாது. தாளின் பெயரிலும் சாய்வுக்கோடு ஆகாது. அதுவும் 31 எழுத்துக்குள் முடிய வேண்டும். அப்பா பெயரையும் சேர்த்தால் நம்மில் பலர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவோம். அதனால் மேக்ரோ சாய்வுக்கோட்டை எடுத்துவிட்டு அடிக்கோட்டைப் போட்டது. போகட்டும், அது சமாளிக்கக்கூடியதுதான். எழுத்துக்கூட்டலைத்தான் சமாளிக்க முடியவில்லை. ரோமன் எழுத்தில் லெட்சுமி சிலருக்கு ஐ-யில் முடிகிறது, சிலருக்கு ஒய்-யில். பிறப்பைப் பதிந்த அன்று காதில் எப்படி விழுந்ததோ அதுதான் ஆயுள் முழுவதும் பெயர். இறந்துபோனவருக்கு அடையாள அட்டையில் கடைசி எழுத்து ஒய். சந்தாப் பதிவேட்டில் ஐ. மேக்ரோ உருவாக்கிய பெயரில் எந்தக் கட்டமும் இல்லை.

இல்லாத பெயரைத் தேடினால் எக்செல் 1004 என்ற எண்ணோடு பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் மேக்ரோவின் தலையில் ஒரு வரி இருந்தது: ஆன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். இந்த வரியின் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. தேடல் தோற்றாலும் பழைய மதிப்பு அழியாது. முந்தைய சுற்றில் எடுத்து வைத்த எண் அப்படியே இருக்கும். அதுவே அடுத்தவர் பெயருக்கு எதிரில் எழுதப்படும். பட்டியலில் அந்த அம்மா வீட்டுக்கு மேல் வரிசையில் இருந்தவர், பதினான்கு மாதத்துக்கு முன்பே வீட்டை விற்றுவிட்டுப் போனவர். அவருடைய பாக்கிதான் ஓர் எழுத்து மாறியதால் இறந்தவர் தலையில் ஏறியிருந்தது.

பெயரைப் பெயராகவே பார்க்கத் தெரியாத குறை கணக்குத் தாள்களில் உலகறிந்தது. மரபணு ஆய்வாளர்கள் மார்ச்1 என்ற சுருக்கப் பெயரைத் தட்டினால் எக்செல் அதை மார்ச் முதல் தேதி ஆக்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளிலேயே இப்படிப் பிழை புகுந்தது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. நம்மால் அப்படிப் பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா? அப்பா வைத்த பெயர் அது. மாற வேண்டியது மேக்ரோதான்.

ஐயாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். தேடுவதற்குப் பெயர் வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தோம். அடையாள அட்டை எண்ணை வைக்கலாமா என்று ஐயா கேட்டார். பன்னிரண்டு இலக்கம், ஒருவருக்கு ஒன்றுதான், உண்மை. ஆனால் அது கோப்பிலும் புலனத்திலும் சுற்றுவது நல்லதல்ல. தவிர, 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளின் எண் சுழியத்தில் தொடங்கும். எண்ணாகத் தட்டினால் எக்செல் முன்னால் இருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உறுப்பினர் எண். மேக்ரோவில் டிக்‌ஷனரி என்ற அமைப்பைப் பயன்படுத்தினேன். அகராதியில் சொல்லைப் பார்த்துப் பொருளை எடுப்பதுபோல, எண்ணைக் கொடுத்தால் கணக்கு வரும். எடுப்பதற்கு முன், இந்த எண் இருக்கிறதா என்று அதனிடமே கேட்கலாம். இல்லையென்றால் அந்தக் குடும்பம் 'கிடைக்காதவர்கள்' என்ற தனித் தாளுக்குப் போகும். பாக்கி என்று ஒரு வார்த்தை அவர்கள் பெயருக்கு எதிரில் வராது. ஆன் எரர் வரியை ஐயாவே அழித்தார்.

பழைய பதிவேட்டோடு புதுப் பட்டியலைச் சரிபார்த்தபோது, அந்தத் தனித் தாளில் பதினொரு பெயர்கள் விழுந்தன. ஒன்பது பேர் ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள். அத்தனை பேரின் கணக்கிலும் வேறு யாருடைய எண்ணோ இருந்தது. வீட்டில் சாவு விழாததால் யாருக்கும் தெரியவில்லை.

பதினொருவருக்கும் நானே போன் செய்தேன். வானொலியில் வாழ்த்துச் சொல்லும்போது பெயரைச் சரியாக உச்சரிக்க ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்வது என் தொழில். அதேபோல் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினேன். ஒரு தாத்தா, "எதுக்கும்மா இவ்வளவு கேக்கிற, செத்தா தூக்கிப் போட வருவீங்கல்ல?" என்று சிரித்தார். வருவோம் என்றேன்.

அந்த அம்மா வீட்டுக்குக் குழுவினர் திருத்திய தாளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கணவர் பெயருக்கு எதிரில் 'பாக்கி இல்லை' என்றிருந்தது. அதையும் மைலோ டின்னில்தான் வைத்தார்.

உங்கள் தாமானிலும் கோயில் கணக்கு, பள்ளி பெற்றோர் சங்கக் கணக்கு, சகாய நிதி என்று எங்கோ ஒரு மேக்ரோ ஓடிக்கொண்டிருக்கும். கணினி தெரிந்த பிள்ளைகள் ஒரு ஞாயிறு அதைத் திறந்து பாருங்கள். பெயர் கிடைக்காதபோது அது என்ன செய்கிறது என்பதை முதலில் பாருங்கள்.