அவள் சீட்டு அவள் கையில்



சனிக்கிழமை இரவானால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி என் மகனும் அவன் நண்பர்களும் கூடிவிடுவார்கள். பகடை உருளும் சத்தம் கேட்டு, சூதாட்டமோ என்று முதலில் நானும் பயந்தேன். அப்படி இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் குகைக்குள் போகிறேன்", "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள். முடியுமா, முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவரின் படைப்பாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் இது. லயத்து வாசலில் உட்கார்ந்து இராஜா ராணிக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகுமா?

என் தம்பி மகளுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. கதை என்றால் அவளுக்கு உயிர். விடுமுறைக்கு வந்தவள், தானும் ஆட வேண்டும் என்றாள். வாயால் சொல்லிக் காதால் கேட்கும் ஆட்டத்துக்குக் கண் எதற்கு என்றுதான் நினைத்தோம். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். தன் பாத்திரத்தின் வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு, பையில் என்ன இருக்கிறது, இன்னும் எத்தனை அடி தாங்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

"நீ சும்மா கேட்டுக்கிட்டு இரும்மா. அண்ணன் பார்த்துச் சொல்வான்" என்றேன்.

"சும்மா கேக்கிறதுக்கு ரேடியோ இருக்கே, பெரியப்பா. நான் விளையாட வந்தேன்" என்றாள்.

சுருக்கென்றது. பால்மரம் வெட்டிய என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. சம்பள நாளில் கிராணி கணக்கைப் படித்துச் சொல்வார். அப்பா கைநாட்டு வைப்பார். வீட்டுக்கு வந்து, "சரியாத்தான் இருக்கும்" என்பார். அந்த 'இருக்கும்' என்ற சொல்லின் பாரம் எனக்குத் தெரியும். அதே பாரத்தை இந்தப் பிள்ளை தலையிலும் ஏற்றப் பார்த்தேனே!

அவளுடைய கைப்பேசியில் 'டாக்பேக்' என்ற வசதி உண்டு. திரையில் உள்ள எழுத்தை அது வாய்விட்டுப் படிக்கும். மகன் முதலில் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். அது படமாயிற்றே! எண் எதையும் கைப்பேசி சொல்லவில்லை. அடுத்து, கட்டம் போட்டு எழுதினான். முதலில் ஆறு பெயர்கள், பிறகு ஆறு எண்கள் என்று படித்தது. எது எதற்கு உரியது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

பிறகுதான் அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டான். 'வலிமை: 16' என்று வரிக்கு ஒன்றாக எழுதினான். தலைப்புகளைப் பெரிய எழுத்தாக்கியதோடு விடாமல், கணினியில் தலைப்பு என்றே குறித்தான். அப்படிக் குறித்தால்தான் முழுவதையும் கேட்காமல், வேண்டிய இடத்துக்கு அவளால் தாவிப் போக முடியும். ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, கதையில் ஒருவன் பள்ளத்தில் விழுந்துவிட்டான். "யாரிடமும் கயிறு இல்லையே" என்றான் மகன். அவள் விரல் கைப்பேசியில் இரண்டு முறை நகர்ந்தது. "என் பையில் ஐம்பது அடிக் கயிறு இருக்கு அண்ணே. சரியா படிங்க!" மேசையே சிரித்தது. அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

வாசகர்களே, கோயில் திருவிழா, பள்ளிக் கூட்டம், கல்யாணம் என்று எத்தனை அழைப்புகளை வெறும் படமாகவே அனுப்புகிறோம்! அதன் கீழே நாள், நேரம், இடம் என்று நான்கு வரி எழுத்தாகவும் எழுதுங்கள். யாரோ ஒருவர், இன்னொருவரைக் கேட்காமல், தானே படித்துக்கொள்வார். அந்தப் பெருமையை நாம் ஏன் தடுக்க வேண்டும்?