கேடயத்தின் நிறம்

சென்ற மாதம் நான்கு இரவுகளை, இரண்டரைச் சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஈட்டிவீரனின் கேடயத்துக்கு என்ன நிறம் பூசுவது என்ற யோசனையிலேயே கழித்தேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின், மேசைவிளக்கின் கீழே ஒரு பழைய பீங்கான் தட்டில் நான்கு வண்ணங்களைக் குழைத்து வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், அவை தட்டிலேயே காயும்வரை உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயதில், முதுகலை மாணவர்களுக்கு இலக்கணம் நடத்துகிற ஒருவன் செய்யத்தக்க காரியமா இது என்று என்னையே கேட்டுக்கொள்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்படியொரு பொழுதுபோக்கு இருப்பதை அறியாத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். பண்டைய படைகளைச் சிறு பொம்மைகளாக வாங்கி, வண்ணம் தீட்டி, அடித்தட்டுகளில் ஒட்டி, ஒரு விதிநூலின்படி மேசைமேல் போரிடுவது. நாங்கள் பின்பற்றியது 1990இல் இங்கிலாந்தில் வெளிவந்த டி.பி.ஏ. என்னும் விதிநூல். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அலகுகள். அறுபது மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் அட்டையில் கனரகக் காலாட்படை என்றால் நால்வர், கவணும் எறிவேலும் கொண்டு முன்னே ஓடுகிறவர்கள் என்றால் இருவர். யானை என்றால் ஒன்றே அட்டையை நிறைத்துவிடும். மற்றதைப் பகடை பார்த்துக்கொள்ளும். ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் போதும்; அதற்குரிய படையைத் தீட்டி முடிக்க எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது.

'நாங்கள்' என்று சொன்னேன். எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் பணியாற்றிய நண்பர்தான் இந்தப் பித்தை எனக்குத் தொற்றவைத்தவர். அவர் எப்போதும் ரோமானியர் பக்கம். "வென்றவனோடு இருந்தால் சான்றுக்குப் பஞ்சமில்லை, தமிழய்யா" என்பார். எனக்கு எஞ்சியது கார்த்தேஜ். அதை நானாக விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் மிச்சமிருந்தது அதுதான். பிறகு அதை விட முடியாமற் போயிற்று.

பொம்மைகள் மென்மையான நெகிழியால் ஆனவை. ஈட்டி வளையும்; வளைந்தால் வண்ணம் செதிலாக உதிரும். எனவே முதலில் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப்பசையைப் போக்கி, நீர்த்த ஃபெவிக்காலை ஒரு பூச்சாகக் கொடுத்து, அது காய்ந்தபின் கறுப்பு. கறுப்பிலிருந்து ஒவ்வொரு நிறமாக மேலேறி வரவேண்டும். இரும்பு வளையக் கவசத்துக்கு, ஏறத்தாழ உலர்ந்துவிட்ட தூரிகையில் சிறிதளவு வெள்ளி நிறம் எடுத்து மேலாகத் தேய்த்தால் போதும். மேடுகள் மட்டும் ஒளிர்ந்து, கறுப்புப் பள்ளங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான வளையங்கள் தாமே எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் எனக்கு அலுப்பதில்லை. கண் மட்டும் எழுத மாட்டேன். அந்த அளவில் எழுதிய கண் எப்போதும் திடுக்கிட்ட கண்ணாகவே அமைந்துவிடுகிறது.

நண்பருக்கு வேலை எளிது என்று நான் பொறாமைப்பட்டதுண்டு. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ரோமானியப் படைவீரனைத் தையற்காரர் அளவெடுப்பதுபோல் வருணித்திருக்கிறார். முன்னணி எறிவேல்காரர் இளைஞர்; தலைக்கவசத்தின்மேல் ஓநாய்த்தோல் போர்த்தவர், தொலைவிலிருந்தே அதிகாரி அடையாளம் காண்பதற்காக. மற்றவர் தலையில் ஒரு முழ உயரமுள்ள மூன்று இறகுகள், கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு. வசதி குறைந்தவர் மார்பில் ஒரு சாண் அளவுள்ள வெண்கலத் தகடு. வசதி படைத்தவர் இரும்பு வளையக் கவசம் அணிவர். கேடயம் நீள்வட்டமானது. திரைப்படங்களில் வரும் செவ்வகக் கேடயம் பேரரசுக் காலத்தது. அதைக் குடியரசுக் கால வீரனிடம் கொடுத்துவிட்டால் நண்பருக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது.

கார்த்தேஜின் நிலை வேறு. கி.மு. 146இல் அந்நகரம் எரிந்தபோது ரோமானியத் தளபதி சிப்பியோ எமிலியானஸின் அருகில் நின்று பார்த்தவர் இதே பொலிபியஸ். நகரின் நூலகங்களை ரோமானியச் செனட் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. மாகோ என்பவர் எழுதிய உழவு நூலை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது. திராட்சை பயிரிடும் முறை தேவைப்பட்டது, மற்றவை தேவைப்படவில்லை. ஹானிபலோடு உடன் சென்ற சைலினஸ், அவருக்குக் கிரேக்கம் கற்பித்த சோசைலஸ் ஆகிய இருவரும் எழுதிய வரலாறுகளும் முழுமையாக எஞ்சவில்லை. ஆகவே என் படையின் ஒவ்வொரு வீரனையும் நான் எதிரியின் நூல்களிலிருந்தே உருவாக்க வேண்டியிருந்தது. ஐபீரியர் கருஞ்சிவப்புக் கரையிட்ட வெண்ணிறச் சட்டை அணிந்தனர். கேன்னே களத்தில் அவர்களைக் கண்டவர்கள் சொன்னது. நுமிடியக் குதிரைவீரர் கடிவாளமின்றிச் சவாரி செய்தனர். அவர்களின் தலைமுடிக்கும் உடைக்கும் என்னைப் போன்றவர்கள் பார்த்து வரைவது ரோமில் உள்ள ட்ராஜன் தூணில் செதுக்கிய மூர் இனத்துக் குதிரைவீரர்களை. அத்தூண் நிறுவப்பட்டது கி.பி. 113இல். முந்நூறு ஆண்டு பிந்திய வேறொரு நாட்டாரின் சிகையை இவர்களுக்கு ஒட்டவைக்கிறோம்.

இது எனக்குப் பழக்கமான சங்கடம்தான். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி என்ற பௌத்த நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த நீலகேசி என்ற சமண நூல் உரையோடு நம் கையில் இருக்கிறது. மறுப்பை வைத்துக்கொண்டு மறுக்கப்பட்டதை ஊகித்து, வகுப்பில் பாடம் நடத்தி, மதிப்பெண்ணும் போடுகிறோம். மேசைமேல் இருக்கும் பொம்மையிடம் இந்த வசதி கிடையாது. 'கேடயத்தின் நிறம் தெரியவில்லை' என்று அடிக்குறிப்பு எழுதி நகர்ந்துவிட முடியாது. ஏதேனும் ஒரு நிறம் பூசியே ஆகவேண்டும். பூசிய கணமே அது பொய்யாகவும் இருக்கலாம்.

இதை ஒருநாள் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "என்னுடைய சிவப்புச் சட்டைக்கு மட்டும் சான்று எங்கே இருக்கிறது? டெல்ஃபியில் ஏமிலியஸ் பவுலஸ் எழுப்பிய தூணையும் பாருங்கள், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் டொமிஷியஸ் பலிபீடத்தையும் பாருங்கள். கல் இருக்கிறது, வண்ணம் போய்விட்டது. வென்றவனுக்கும் நிறம் மிஞ்சவில்லை, தமிழய்யா. நான் சிவப்புப் பூசுவது எனக்குச் சிவப்புப் பிடிக்கும் என்பதற்காக." அவருடைய சிவப்பு தனியான சிவப்பு. கடையில் விற்கும் வண்ணத்தோடு ஒரு சொட்டுப் பழுப்பும் இன்னும் ஏதோவும் சேர்ப்பார். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார்.

யானைகளைப் பற்றியும் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. கி.மு. 218இல் ஹானிபல் ரோன் ஆற்றைக் கடக்கையில் முப்பத்தேழு யானைகள் இருந்தன. மண் பரப்பிய தெப்பங்களில் ஏற்றியபோது மிரண்டு ஆற்றில் விழுந்த யானைகள் தும்பிக்கையை மேலே நீட்டி நடந்தே கரை சேர்ந்தன, பாகர்கள் இறந்தனர். அந்தப் பாகர்களைப் பொலிபியஸ் 'இந்தியர்' என்ற சொல்லால்தான் குறிக்கிறார். கிரேக்கர் யானைப்பாகனை முதன்முதலில் நம் நிலப்பரப்பில் கண்டமையால் அச்சொல் நாளடைவில் தொழிற்பெயராகவே ஆகிவிட்டது, அங்கே இருந்தவர்கள் உண்மையில் இந்தியராக இருக்க வேண்டியதில்லை என்பது பொதுவான விளக்கம். நண்பர் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். "ஒருவராவது இருந்திருப்பார். உங்கள் முகத்தையே எழுதிவிடுங்கள்." எழுதினேன். அந்தப் பாகனுக்கு என் முன்வழுக்கை இருக்கிறது.

2021 மே மாதம் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் அவர் இறந்தார். ஐம்பது வயது முடிந்திருக்கவில்லை. அடக்கத்துக்குக்கூட யாரும் போக முடியவில்லை என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. சில மாதங்கள் கழித்து அவர் துணைவியார் அழைத்து ஒரு பெரிய இனிப்புப் பெட்டியைக் கொடுத்தார். "தூக்கிப் போட மனசு வரல சார். உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்." அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூன்று ஆண்டுகள் திறக்கவில்லை.

திறந்தபோது, முடிந்த படை ஒரு பக்கம் பஞ்சில் உறங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் எட்டு த்ரியாரி வீரர்கள். ரோமானிய அணிவகுப்பில் மூன்றாம் வரிசையில் நிற்கும் முதியவர்கள். நீண்ட ஈட்டி ஏந்தியவர்கள். அவர் படைக்கு இவர்கள் தேவைக்கு மேற்பட்டவர்கள். சட்டை, கவசம், இறகு எல்லாம் முடித்திருந்தார். கேடயங்கள் மட்டும் கறுப்புப் பூச்சோடு நின்றிருந்தன. கேடயத்தை அவர் எப்போதும் கடைசியாகத்தான் தீட்டுவார்.

என் படையில் நெடுநாளாக ஓர் இடம் காலியாக இருந்தது. கி.மு. 217இல் திரசிமீன் ஏரிக்கரையில் ரோமானியப் படையை அழித்தபின், கைப்பற்றிய ஆயுதங்களில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்துத் தன் ஆப்பிரிக்கக் காலாட்படைக்கு வழங்கினார் ஹானிபல். மறு ஆண்டு கேன்னேயில், எண்பதாயிரம் ரோமானியக் காலாட்களின் இரு பக்கங்களிலும் கதவுபோல் மூடிக்கொண்டவர்கள் இந்த லிபியர்கள்தாம். அவர்களைப் பார்த்தால் ரோமானியப் படை என்றே எண்ணத் தோன்றும் என்று லிவி எழுதுகிறார். உள்ளே சிக்கியவனுக்குத் தன் அண்ணனின் கவசமே எதிரில் வந்து நின்றிருக்கும். இந்த வீரர்களுக்கு ரோமானியப் பொம்மைகளே வேண்டும். அவற்றை வாங்க நான் ஏனோ தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பெட்டியில் இருந்த எட்டுப் பேர் இரண்டு அடித்தட்டுகளுக்குச் சரியாக இருந்தார்கள். ஆனால் வாழ்நாள் முழுதும் ரோமின் பக்கம் நின்ற மனிதருடைய கையெழுத்தை, அவர் இல்லாத நேரத்தில், எதிர்ப்பக்கம் மாற்றுவதா? கொள்ளைப்பொருளை அணிவது என்று வரலாற்றில் படிக்கும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது! அவர் துணைவியாரிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். விஷயம் புரிந்ததும் அவர் சொன்னார்: "உங்ககிட்ட தோத்துட்டு வர்ற அன்னிக்குத்தான் அவர் ரொம்ப நேரம் பேசுவார். எடுத்துக்குங்க சார்."

ஆக, கேடயம். லிபியர்கள் கைப்பற்றிய கேடயத்தின் பழைய நிறத்தை அப்படியே விட்டார்களா, மறைத்து வேறு பூசினார்களா? களத்தின் புழுதியில் தம்மவரை அடையாளம் காண ஏதேனும் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த நூலும் சொல்லவில்லை. ஹானிபலே சொந்தமாக எழுதிவைத்த ஒன்று உண்டு. தென்இத்தாலியில் லசீனியம் என்னுமிடத்து ஹீரா கோயிலில், பியூனிக்கிலும் கிரேக்கத்திலும் பொறித்த ஒரு வெண்கலப் பட்டயம். பொலிபியஸ் அதை நேரில் பார்த்துப் படைக்கணக்கை எடுத்துக்கொண்டார்: இத்தாலியில் இறங்கியபோது ஆப்பிரிக்கக் காலாட்கள் பன்னிரண்டாயிரம், ஐபீரியர் எட்டாயிரம், குதிரைவீரர் ஆறாயிரத்துக்கு மேற்படவில்லை. அவர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை இவை போன்ற எண்களே. பட்டயமும் இன்று இல்லை. அதில் நிறம் பற்றி எதுவும் இருந்திருக்காது.

ஐந்தாம் இரவு அவருடைய சிவப்பைக் கலக்க முயன்றேன். பெட்டியின் மூடியில் அவர் தூரிகை துடைத்த ஒரு தீற்றல் இருந்தது. அதனோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, பழுப்போடு துளி ஆரஞ்சு சேர்த்தபோது ஏறக்குறையப் பொருந்தியது. எட்டுக் கேடயங்களுக்கும் அந்தச் சிவப்பை முழுமையாகப் பூசினேன். ஒருநாள் காயவிட்டு, அதன்மேல் மங்கிய வெள்ளை. விளிம்பிலும் நடுவிலுள்ள குமிழின் ஓரத்திலும் வெள்ளை தேய்ந்து சிவப்பு தெரியுமாறு விட்டேன். வெள்ளையின்மேல் தானித் தெய்வத்தின் குறி: ஒரு முக்கோணம், ஒரு கிடைக்கோடு, ஒரு வட்டம். கார்த்தேஜின் நடுகற்களில் ஆயிரக்கணக்கில் காணப்படும் குறி. கேடயத்தில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அது என் சேர்க்கை.

அடித்தட்டில் முன்பு நான் ஒரு தவறு செய்திருந்தேன். எல்லோரும் செய்வதுபோல் பச்சைப் புல் தூவியிருந்தேன். கேன்னே நடந்தது ஆகஸ்டு 2ஆம் நாள். அபூலியாச் சமவெளியில் கோடை முற்றி, அறுவடை முடிந்த காலம். ரோமானியர் முகத்தில் காற்று புழுதியை வாரி அடித்ததாக லிவி எழுதுகிறார். இம்முறை ஆற்றுமணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, ஃபெவிக்கால் தடவி ஒட்டி, மஞ்சள் கலந்த பழுப்புப் பூசி, காய்ந்த தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கித் தாள்க்கட்டையாக நட்டேன். கால்களிலும் சட்டை விளிம்பிலும் அதே புழுதி நிறத்தை உலர்தூரிகையால் ஏற்றினேன். சிவப்புச் சற்று அடங்கியது.

வீரர்களை ஒட்டுவதற்காகத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் கவனித்தேன். ஒவ்வொருவரின் பாதத் தகட்டின் அடியிலும் பென்சிலால் ஓர் எண்ணும் மாதமும் எழுதியிருந்தார். ஒட்டினால் அது இனி யார் கண்ணிலும் படாது. ஒரு தாளை எடுத்து வரிசையாகக் குறித்துக்கொண்டேன். 61, 62, 63, 64: பிப்ரவரி 2021. 65, 66, 67: மார்ச் 2021. 68: ஏப்ரல் 2021. தாளைப் படைப்பெட்டியின் அடியில் மடித்து வைத்துவிட்டு, பசையைத் திறந்தேன்.