சும்மா கதைக்கிறது தானே?

"சும்மா கதைக்கிறது தானே, வேற ஒண்டும் இல்லையே." எங்கட வயசுக்காரரின் காதல்கள் முறியும் நேரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கை பிடிக்கவில்லை, எங்கேயும் சேர்ந்து போகவில்லை, ஆகவே துரோகம் இல்லை என்பது கணக்கு.

சட்டமும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. இலங்கையின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது. திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் உடலுறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. உடம்பு எங்கே இருந்தது, என்ன செய்தது என்பதுதான் கேள்வி. மனசு மட்டும் வெளியே போனதை அது ஒரு தனிக் காரணமாகச் சொல்லவில்லை.

ஆனால் வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள். அடுத்த கணமே, யார் உன்னை நினைத்ததால் தும்மினாய் என்று அழுகிறாள். அது ஊடல், பாதி விளையாட்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: ஆள் பக்கத்திலேயே இருக்கிறான், அவளுடைய பயமெல்லாம் நினைப்பைப் பற்றியது.

பக்கத்தில் ஆளே இல்லாத உறவுகளை என்ன சொல்வது? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ காதல்கள், ஏன் கலியாணங்கள் கூட, வட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. ஒருவர் இங்கே, மற்றவர் லண்டனிலோ டொரன்டோவிலோ கட்டாரிலோ. எழுத்து முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் அக்காமாரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோடை காலத்தில் டொரன்டோவில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. அவர் வேலைக்குப் போகும் வழியில் கிடைக்கிற இருபது நிமிஷம்தான் அன்றைய குடும்ப வாழ்க்கை முழுவதும்.

அந்த உறவில் சேர்ந்து சாப்பிடுவது இல்லை, கோவம் வந்தால் தோளில் தட்டிச் சமாளிப்பது இல்லை. இருப்பது கதை மட்டும்தான். அன்றைக்கு நடந்த பகிடியையும் அழுகையையும் பயத்தையும் முதலில் இன்னொருவரிடம் கொட்டிவிட்டு, இவருக்கு "ஒண்டும் இல்ல, நல்லா இருக்கிறன்" என்பதை மட்டும் மிச்சம் வைத்தால், இருந்த ஒரே சொத்தையும் எடுத்துக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்? அங்கே "சும்மா கதைக்கிறது" என்று ஒன்று கிடையாது.

ஆனால் இதைச் சாட்டாக வைத்து பாஸ்வேர்ட் கேட்கிறவர்களோடு நாங்கள் நிற்கவில்லை. லாஸ்ட் சீன் பார்த்து விசாரணை வைப்பதும், "பொம்பிளைப் பிள்ளைக்குப் பொடியன் பிரெண்ட் எதுக்கு" என்று கேட்பதும் அன்பில்லை, காவல். தனியாகக் காத்திருக்கிறவருக்கு நண்பர்கள் கட்டாயம் வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற ஒருத்தி அதைத் தோழனிடம் சொன்னால் அது துரோகமும் இல்லை, உதவி தேடல்.

அப்போ கோடு எங்கே? அமெரிக்க உளவியலாளர் ஷெர்லி கிளாஸ் 2003இல் வெளிவந்த தன் நூலில் யன்னலையும் சுவரையும் உதாரணம் காட்டுகிறார். துணைவர்கள் இருவருக்கும் நடுவில் யன்னல் இருக்க வேண்டும், அவர்களுக்கும் வெளியாருக்கும் நடுவில் சுவர். துரோகம் தொடங்கும்போது இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. உங்கள் உறவில் உள்ள பிரச்சினை எல்லாம் அந்த நண்பருக்குத் தெரியும், ஆனால் அந்த நண்பரைப் பற்றி உங்கள் துணைக்கு ஒன்றுமே தெரியாது என்றால், சுவர் எங்கே எழும்பியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். சாட்டை அழிப்பதும், பெயரை மாற்றி சேவ் பண்ணுவதும் அந்தச் சுவரின் கற்கள்.

மனசு விலகுவது குற்றமில்லை. தூரமும் களைப்பும் யாரையும் விலக்கும். "இப்ப உன்னோட கதைக்க எனக்கு ஒண்டும் வருதில்லை" என்பது சொல்லக் கஷ்டமான வசனம்தான். அதைச் சொன்ன பிறகு உறவு மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். ஆனால் அந்த வசனத்தைக் கேட்கிற முதல் ஆள் உங்கள் துணையாக இருக்கட்டும். கேட்கிற கடைசி ஆளாக அவரை ஆக்குவதைத்தான் நாங்கள் துரோகம் என்கிறோம்.