நூறு வருஷ ப்ராஜெக்ட்!

சேலத்துல பஸ் ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு. பதினஞ்சாவது வளைவுலயே பக்கத்து சீட் நண்பன் 'அவுட்'! ஏற்காட்டுல இறங்கின கூட்டம் ஏரிக்கும் லேடீஸ் சீட்டுக்கும் பறக்க, நாங்க ரெண்டு பேரும் தலைச்சோலைக்குக் கிளம்பினோம். பையில மண் ஈரம் பார்க்கிற சென்சார், மனசுல மினி ப்ராஜெக்ட்!

பேர்லயே சோலை இருக்கிற ஊர். காபித் தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா காட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு. மேலே பலா, சில்வர் ஓக். மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஏறுற மிளகுக்கொடி. அடியில காபிச் செடி. ஒரே நிலத்துல மூணு மாடி! 1820-களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார்னு சரித்திரம். இப்படி மரமும் பயிரும் சேர்ந்து வாழறதைத்தான் 'வேளாண் காடு'னு சொல்றாங்க.

தோட்டத்துக்காரத் தாத்தா சென்சாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை நாளைக்குக் கண்ணு?"

"ஏப்ரல் வரைக்கும் தாத்தா. அப்புறம் வைவா!"

சிரிச்சுட்டார். "மிளகுக்கொடி காய்ப்புக்கு வரவே மூணு நாலு வருஷமாகும். இந்தப் பலா எங்கப்பன் வெச்சது. நீ ஏப்ரலுக்குள்ள என்னத்தைக் கண்டுபிடிப்பே?"

செம பல்பு!

ஆனா, அவர் கவலை விளையாட்டு இல்லை. பழைய மரங்களைக் குறைச்சுட்டு சில்வர் ஓக்கை மட்டும் நிரப்பலாம்ங்கிறார் மகன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். நேரா, வேகமா வளரும். மிளகு ஏத்தலாம், மரத்தையும் விற்கலாம். தாத்தாவுக்கோ பயம். நிழல் குறைஞ்சு வெயில் விழுற தண்டுலதான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு முட்டை வைக்கும். புழு உள்ளே குடைஞ்சா அராபிகா செடி பட்டுப்போகும். பலவகை இலை உதிர்ந்து மக்கின மண்ணும், கீழே கசியற ஊத்தும் என்னாகும்? "தப்பா வெட்டிட்டா திரும்ப வளர்க்க எனக்கு வயசு இல்லையே கண்ணு!"

இதுக்கு ஒரு செமஸ்டர்ல பதில் கிடைக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல 1909-ல் ஆரம்பிச்ச உரச் சோதனை நூறு வருஷத்தைத் தாண்டிடுச்சு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்ல 1843-ல் தொடங்கின கோதுமை வயல் சோதனை இன்னும் ஓடுது. 2014-ல் வேளாண் காடுகளுக்குன்னே தேசியக் கொள்கை கொண்டுவந்த முதல் நாடு இந்தியா. கொள்கை ரெடி. இருபது, முப்பது வருஷம் கூடவே உட்கார்ந்து கணக்கெழுத ஆள் வேணுமே!

அன்னிக்கு ராத்திரி நண்பனோட சித்தி வீட்டுத் திண்ணையில பிளான் போட்டோம். பழைய மர நிழல், சில்வர் ஓக் மட்டும், ரெண்டும் கலந்ததுன்னு மூணு வகைத் துண்டுகள். ஒவ்வொரு வகையும் நாலஞ்சு இடத்துல இருக்கணும். ஒரே இடத்து மண்ணை நம்பி ஏமாறக் கூடாதுல்ல? எதையும் மாத்துறதுக்கு முன்னாடியே மண், ஊத்து, விளைச்சல் கணக்கை எடுத்துடணும். அப்புறம் வருஷா வருஷம் காபி எத்தனை கிலோ, மிளகு எத்தனை கிலோ, வண்டு விழுந்த செடி எத்தனை, கூலி போகக் கையில நின்னது எவ்வளவு... எல்லாம் நோட்டுல ஏறணும்.

காலையில தாத்தாகிட்ட பெருமையா நீட்டினோம். பொறுமையா படிச்சுட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சோதனைத் துண்டுல நஷ்டமானா யாரு குடுப்பா?"

அந்த வரியே எங்க பிளான்ல இல்லை! உடனே முதல் பக்கத்துலயே எழுதினோம்: 'நஷ்டத்தை விவசாயி தலையில கட்டக் கூடாது. எந்த மரம் வைக்கிறதுன்னு அவரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும்.' கீழே தாத்தா கையெழுத்து!

ஏப்ரல்ல எங்க வைவா முடிஞ்சுடும். நோட்டு ஜூனியர் கைக்குப் போகும், அவன் அவனோட ஜூனியர்கிட்ட கொடுக்கணும். முதல் ரீடிங் தேதி போட்டாச்சு.

ஏற்காடு போறீங்களா? படகு சவாரி போக ஒரு மணி நேரம் மிச்சமிருந்தா சொல்லுங்க பாஸ்... அடுத்த ரீடிங் எடுக்க ஆள் வேணும்!