இடி இல்லாத ஊரில் இடியின் கணக்கு

அண்டார்டிகாவின் ஷிர்மாகர் பாறைவெளியில், பிரியதர்ஷினி ஏரிக்கரையில் இருக்கிறது இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம். இங்கே இடி முழங்குவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால், உலகத்து இடிமழையின் நாடியை இங்கிருந்தே பிடித்துப் பார்க்கிறார்கள்!

வெப்பநாடுகளின் இடிமேகங்கள் மேல்வானத்துக்கு ஏற்றும் மின்சாரம் பூமி முழுக்கப் பரவி, வானம் தெளிந்த இடங்களில் மெல்லத் தரையிறங்குகிறது. அதனால் தரையருகே ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 100 வோல்ட் வித்தியாசம் இருக்கும். புகையும் தூசியும் குறைந்த காற்று என்பதால், கருவியில் அது தெளிவாகப் பதியும்.

சிக்கல், பனிக்காற்றுதான். பறக்கும் பனித்தூளே மின்னேற்றம் பெற்றுக் கணக்கைக் குலைத்துவிடும். காற்று அடங்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படி அமைந்த நாள்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், நம்மூர் நேரப்படி நள்ளிரவு 12.30 வாக்கில் அளவு உச்சம் தொடும். அமெரிக்கக் கண்டங்களில் அது பிற்பகல். இடி முழங்கும் நேரம்!